கடற்கரையில் பொறுக்கும் குப்பை திருத்தணியிலிருந்தும் வருகிறது

செப்டம்பர் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை வந்துவிட்டால் சென்னைக் கடற்கரைகளில் ஒரே நிறப் பனியன் அணிந்த கூட்டங்களைப் பார்க்கலாம். மென்பொருள் நிறுவனம், வங்கி, தொழிற்சாலை என ஒவ்வொரு நிறுவனத்தின் ஊழியர்களும் ஓர் அணியாக வந்து, கையுறை மாட்டிக்கொண்டு, மணலில் புதைந்த பிளாஸ்டிக்கைப் பொறுக்கிச் சாக்கில் நிரப்புகிறார்கள். அலுவலகத்தில் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட இங்கே சேர்ந்து ஒரு மூட்டையைத் தூக்குகிறார்கள். மேலாளரும் கடைநிலை ஊழியரும் ஒரே மாதிரி குனிகிறார்கள். மூன்று மணி நேரம் கழித்துக் குழுப்படம், சிற்றுண்டி, அத்தோடு கலைகிறார்கள். அடுத்த வாரம் அதே இடத்துக்குப் போனால் அதே அளவு குப்பை கிடக்கிறது.

அப்படியானால் இந்த உழைப்பெல்லாம் வீண்தானா? விளம்பரத்துக்காகச் செய்யும் வேலை என்று ஒதுக்கிவிடலாமா? இரண்டும் சரியல்ல என்பதே நம் கருத்து. குப்பை எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் பொறுக்குவதுதான் இதில் உள்ள குறை. அந்தக் கேள்விக்கான பதில்களில் ஒன்று கடலே கண்ணில் படாத ஆந்திர எல்லையோர மலை ஊரான திருத்தணியில் இருக்கிறது.

அட்டையை விட்டோம், படத்தைப் பிடித்துக்கொண்டோம்

இன்று உலகெங்கும் நடக்கும் கடற்கரைத் தூய்மை நாள் 1986ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் தொடங்கியது. அதைத் தொடங்கிய லிண்டா மாரனிஸ், கேத்தி ஓ'ஹாரா ஆகிய இருவரும் கடல் பாதுகாப்பு அமைப்பு ஒன்றில் சக ஊழியர்கள். முதல் ஆண்டில் சுமார் 2,800 பேர் திரண்டார்கள். அவர்களிடம் இந்த இருவரும் கேட்டுக்கொண்டது குப்பையைப் பொறுக்குவதை மட்டுமல்ல. எடுக்கும் ஒவ்வொரு பொருளும் என்ன, எத்தனை என்று ஓர் அட்டையில் குறித்துத் தரவும் கேட்டார்கள். பாட்டில் எத்தனை, மூடி எத்தனை, கயிறு எத்தனை என்று தெரிந்தால்தான் அது கப்பலிலிருந்து வந்ததா, கரையிலிருந்து வந்ததா, யார் தயாரித்தது என்று கேட்க முடியும் என்பது அவர்களின் எண்ணம்.

இந்தியாவில் இந்த நாளைக் கடலோரக் காவல்படை ஒருங்கிணைக்கிறது. 2022ஆம் ஆண்டு ஒன்றிய அரசு ஜூலை 5 முதல் செப்டம்பர் 17 வரை 75 நாட்களில் 75 கடற்கரைகள் என்று ஒரு பெரும் இயக்கத்தையே நடத்தியது. சென்னையில் சென்னை ட்ரெக்கிங் கிளப் போன்ற தன்னார்வக் குழுக்கள் பல ஆண்டுகளாகக் கடலோரத் தூய்மைப் பணியை நடத்தி வந்திருக்கின்றன. ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் பெரும்பாலான அலுவலக நிகழ்ச்சிகளின் முடிவில் சொல்லப்படுவது ஒரே ஒரு கணக்கு: இத்தனை கிலோ, இத்தனை பேர். என்ன பொருள், யாருடைய பொருள், எந்த வழியாக வந்தது என்ற கணக்கு இல்லை. டெக்சாஸ் பெண்கள் கொடுத்த அட்டையை விட்டுவிட்டுக் குழுப்படத்தை மட்டும் நாம் பிடித்துக்கொண்டோம்.

வெர்சோவா காட்டும் வழி

கடற்கரைத் தூய்மைப் பணிக்கு நம் நாட்டில் முதலில் நினைவுக்கு வரும் பெயர் அஃப்ரோஸ் ஷா. மும்பையைச் சேர்ந்த இளம் வழக்கறிஞரான இவர், 2015 அக்டோபரில் தம் வீட்டருகே இருந்த வெர்சோவா கடற்கரையில் குப்பை அள்ளத் தொடங்கியபோது உடன் வந்தவர் 84 வயதான ஒரு பக்கத்து வீட்டுக்காரர் மட்டுமே. வாரந்தோறும் கூட்டம் பெருகியது. மீனவர்கள், பள்ளிப் பிள்ளைகள், குடிசைப் பகுதி மக்கள், அலுவலக ஊழியர்கள், திரைக்கலைஞர்கள் என்று எல்லோரும் வந்தார்கள். இடுப்பளவு குப்பை மூடிக்கிடந்த சுமார் இரண்டரை கிலோமீட்டர் மணற்பரப்பு மீண்டும் கண்ணுக்குத் தெரிந்தது. 2016இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு அவரைப் 'புவியின் சாம்பியன்' என்று கௌரவித்தது. 2018 மார்ச்சில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கரையில் ஆலிவ் ரிட்லி ஆமைக் குஞ்சுகள் கடலை நோக்கி ஊர்ந்தன.

ஒரு முஸ்லிம் இளைஞர் பெற்ற பெருமை என்று இந்தச் செய்தியை நம் சமுதாயத்தில் பலர் பகிர்ந்துகொண்டோம். ஆனால் அதன் பிற்பகுதி அவ்வளவாகப் பேசப்படவில்லை. கரையைச் சுத்தம் செய்யச் செய்ய, மழைக்காலம் வந்ததும் குப்பை திரும்பி வந்தது. நகரத்தின் ஓடைகளும் ஆறுகளும் அதைக் கொண்டுவந்து கொட்டின. ஆகவே அவர் கடலோரத்தோடு நிற்கவில்லை. மித்தி ஆற்றின் மேல்பகுதிக்குப் போனார். அங்குள்ள குடிசைப் பகுதிகளில் வீடு வீடாகச் சென்று, பிளாஸ்டிக்கை ஆற்றில் போடாமல் தனியே சேர்த்துத் தரும் பழக்கத்தை உண்டாக்க முயன்றார். கரையில் தொடங்கிய வேலை அவரை ஆற்றின் தலைப்பகுதிக்கு அழைத்துச் சென்றது. இடையில் 2017 நவம்பரில், அள்ளிய குப்பையை அகற்றுவதில் அதிகாரிகள் காட்டிய மெத்தனத்தாலும் சிலரின் தொல்லையாலும் பணியைச் சிறிது காலம் நிறுத்தவும் நேர்ந்தது. தன்னார்வலர் அள்ளினால் போதாது, அள்ளியதை எடுத்துச் செல்ல ஓர் அமைப்பும் வேண்டும் என்பதை அது காட்டியது.

மலையிலிருந்து கடலுக்கு

மும்பைக்கு மித்தி ஆறு என்றால் வட சென்னைக் கடலுக்குக் கொசஸ்தலை ஆறு. திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு முனையில் திருத்தணி, பள்ளிப்பட்டு. கிழக்கு முனையில் பழவேற்காடு, காட்டுப்பள்ளி. ஒரே மாவட்டத்துக்குள் மலையும் கடலும் இருக்கின்றன. இரண்டையும் இணைப்பது ஆறு.

பள்ளிப்பட்டு பகுதியிலிருந்து வரும் கொசஸ்தலை ஆறு பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகிறது. ஆந்திராவிலிருந்து வரும் நகரி ஆறும் அங்கே வந்து கலக்கிறது. திருத்தணி நகரை ஒட்டி ஓடும் நந்தியாற்றின் நீரும் கொசஸ்தலையைச் சேர்கிறது. 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி, சென்னையின் குடிநீர் ஆதாரங்களில் ஒன்று. மழைக்காலத்தில் பூண்டி நிரம்பி உபரி நீர் திறக்கப்பட்டால், அது வட சென்னையை ஒட்டி ஓடி எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது.

இந்த வழியை மனதில் வைத்துக்கொண்டு திருத்தணியைப் பாருங்கள். ஆடிக் கிருத்திகைக்கும், டிசம்பர் 31 இரவு நடக்கும் படித் திருவிழாவுக்கும் தமிழகத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் பெருந்திரள் மக்கள் வருகிறார்கள். அவர்களுக்குத் தண்ணீர் பாட்டில், தேநீர்க் குவளை, சாப்பாட்டுப் பொட்டலம், பூ சுற்றிய உறை எல்லாம் வேண்டும். அவற்றை விற்றுப் பிழைக்கும் சிறு வியாபாரிகளில் எல்லா மதத்தவரும் உண்டு. விழா முடிந்ததும் நகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் இரவு பகலாக அள்ளுகிறார்கள். அவர்கள் கைக்கு எட்டாமல் வாய்க்காலிலும் ஆற்றுப் படுகையிலும் ஒதுங்கியதை அடுத்த மழை அடித்துச் செல்கிறது. அது நீர்த்தேக்கத்தில் தங்கினால் நாம் குடிக்கும் தண்ணீரில் கிடக்கும். வெள்ளத்தோடு தாண்டினால் கடலுக்குப் போகும். பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் யாரோ ஓர் அலுவலக ஊழியர் அதைப் பொறுக்குவார். திருத்தணியிலிருந்து அன்றாடம் மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய்வருபவர் எவராவது அந்த அணியில் இருந்தால், அவர் தம் ஊர்க் குப்பையையே அங்கே பொறுக்கக் கூடும்.

இதை ஓர் ஊரின் மீதோ ஒரு சமயத்தாரின் விழா மீதோ வைக்கும் குற்றச்சாட்டாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கந்தூரி நடக்கும் ஊர்களிலும், இஜ்திமா திடல்களிலும், நம் கல்யாண மண்டபங்களின் பின்வாசலிலும் இதே காட்சிதான். திருத்தணியைச் சொல்வதற்குக் காரணம், ஆறு கடலுக்கு எதைக் கொண்டு போகிறது என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது.

1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி. போன்றோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பலன் அது. நிலத்தின் எல்லை அன்று முடிவானது. ஆனால் தண்ணீருக்கு எல்லை கிடையாது. ஆந்திராவின் கிருஷ்ணாபுரம் அணை திறக்கப்பட்டால் பள்ளிப்பட்டில் தரைப்பாலங்கள் மூழ்குகின்றன. தண்ணீர் வரும் வழியில்தான் குப்பையும் வருகிறது. எனவே இரு மாநிலங்களும் சேர்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

சிறிய ஆறுதானே, இதனால் கடலுக்கு என்ன கேடு என்று நினைக்கலாம். உலகின் ஒரு சில பெரிய ஆறுகளே கடலுக்குப் பெரும்பகுதி பிளாஸ்டிக்கைக் கொண்டு சேர்க்கின்றன என்றுதான் முன்பு நம்பப்பட்டது. 2021இல் வெளியான ஓர் ஆய்வு அதை மாற்றியது. ஆறுகள் வழியாகக் கடலில் சேரும் பிளாஸ்டிக்கில் 80 விழுக்காடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகளிலிருந்து வருவதாகவும், நகரங்களின் ஊடே ஓடும் சிறிய ஆறுகளின் பங்கு அதில் பெரிது என்றும் அது கண்டது.

எண்ணூர்: சுமை யாருக்கு?

அந்த ஆற்றின் முடிவில் இருக்கும் எண்ணூர் வேறொரு பாடத்தையும் தருகிறது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதி, எண்ணெய் கடலில் பரவியது. உறிஞ்சும் இயந்திரங்கள் போதிய பலன் தராததால், எர்ணாவூர்க் கரையில் மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் வாளிகளால் எண்ணெய்ச் சேற்றை அள்ளினார்கள். அந்தப் படங்களைப் பார்த்து நாடே நெகிழ்ந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலியில் உள்ள சென்னைப் பெட்ரோலிய நிறுவனத்தின் வளாகத்திலிருந்து எண்ணெய் கலந்த நீர் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் கழிமுகத்தில் புகுந்தது. படகும் வலையும் வீடும் எண்ணெயில் தோய்ந்தன. இந்த முறையும் கழிமுகத்தில் இறங்கி எண்ணெயை அள்ளியவர்கள் மீனவர்கள்தான். அதே நீரை நம்பிப் பிழைப்பவர்கள், அதே நீரில் வேறொருவர் விட்ட அழுக்கை அள்ளினார்கள்.

தன்னார்வப் பணியின் சிக்கல் இங்கே தெரிகிறது. நல்ல மனம் கொண்டவர்கள் அள்ளத் தயாராக இருக்கும்வரை, அழுக்கை விட்டவர் அவசரப்பட வேண்டியதில்லை. 'மக்கள் ஒன்று திரண்டார்கள்' என்ற பாராட்டுக்குப் பின்னால் 'யார் விட்டது, யார் ஈடு தருவது' என்ற கேள்வி மறைந்துவிடுகிறது. அலுவலக அணி மூன்று மணி நேரம் செய்வதை நாள்தோறும் செய்யும் மாநகராட்சித் தூய்மைப் பணியாளருக்கு யாரும் பனியன் தருவதில்லை, படமும் எடுப்பதில்லை. பலருக்குப் பணி நிரந்தரமும் கிடையாது.

பொறுப்பைச் சரியான இடத்தில் வைப்போம்

தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. ஒன்றிய அரசின் தடை 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இவற்றால் சாலையோரக் கடைக்காரரின் பை பறிமுதலாகிறது. ஆனால் ஒன்றிய அரசின் தடைப் பட்டியலில் பெரிய நிறுவனங்களின் சிப்ஸ், பிஸ்கட், ஷாம்பு உறைகள் இல்லை. அவற்றைத் திரும்பப் பெறும் கடமையை உற்பத்தியாளர் மீது விதிகள் சுமத்தியிருக்கின்றன. அந்தக் கடமை எவ்வளவு நிறைவேறுகிறது என்பதைக் கடற்கரை மணலைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

இங்கேதான் டெக்சாஸ் அட்டையின் அருமை புரிகிறது. 2018 முதல் 2022 வரை 84 நாடுகளில் தன்னார்வலர்கள் பொறுக்கிய 18 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களின் நிறுவனப் பெயர்களைக் கணக்கிட்டு, 2024 ஏப்ரலில் ஓர் ஆய்வு வெளியானது. பெயர் தெரிந்த குப்பையில் பாதிக்கு மேல் 56 நிறுவனங்களுடையது. கோகோ கோலா மட்டும் 11 விழுக்காடு. ஏறத்தாழ பாதிப் பொருள்களில் பெயரே இல்லை என்பதையும் அந்த ஆய்வு சொன்னது. உறைகளில் தயாரிப்பாளர் பெயர் அழியாமல் இருக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு அதுவே சான்று. குனிந்து பொறுக்கிய கைகள் எண்ணவும் செய்ததால்தான் இவ்வளவும் தெரியவந்தது.

அண்டை நாடான இலங்கையையும் பாருங்கள். 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்து, பிறகு மூழ்கியது. டன் கணக்கான பிளாஸ்டிக் குருணைகள் மேற்குக் கரை முழுவதும் ஒதுங்கின. பாதுகாப்பு உடையணிந்தவர்கள் சல்லடையால் மணலைச் சலித்துச் சலித்து அள்ளினார்கள். அந்த மக்கள் அள்ளியதோடு விடவில்லை, நீதிமன்றமும் சென்றார்கள். 2025 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கப்பல் நிறுவனத் தரப்பு 100 கோடி டாலர் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. மறுபுறம், பிளாஸ்டிக் உற்பத்திக்கே வரம்பு கட்டும் உலக ஒப்பந்தத்துக்காக 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய நாடுகள் உடன்பாடு இல்லாமலே கலைந்தன. எண்ணெய் வளமுள்ள நாடுகள், அவற்றில் முஸ்லிம் நாடுகள் சிலவும், உற்பத்திக் கட்டுப்பாட்டை எதிர்த்தன என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஈமானின் கடைசிக் கிளை

பாதையில் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். அதே நபிமொழி, எழுபதுக்கும் மேற்பட்ட அந்தக் கிளைகளில் அதை ஆகக் கீழே வைக்கிறது என்பதைக் கவனிக்கத் தவறுகிறோம். கீழே வைத்தது அதைச் சிறுமைப்படுத்த அல்ல. ஒரு முஃமினிடம் குறைந்தபட்சம் இதுவாவது இருக்க வேண்டும் என்பதற்காக. கடற்கரையில் ஒரு மூட்டை குப்பை அள்ளுவது அந்தக் குறைந்தபட்சம். மக்கள் நடக்கும் பாதையிலும், ஒதுங்கும் நிழலிலும், நீர்நிலைகளிலும் அசுத்தம் செய்வதைச் சாபத்துக்குரிய செயலாக எச்சரித்ததும் அதே மார்க்கம்தான். எடுப்பதற்கு நன்மை உண்டு. போடாமல் இருப்பது கடமை. வீண்விரயத்தைத் தடுப்பது அதற்கும் முந்திய கடமை.

என்ன செய்யலாம்?

அலுவலக அணிகளில் இருக்கும் நம் சகோதர சகோதரிகள் முதலில் இந்த நிகழ்ச்சியின் போக்கை மாற்றலாம். எடை பார்ப்பதோடு எண்ணவும் வேண்டும். எந்த நிறுவனத்தின் உறை எத்தனை என்று குறித்து, அதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அந்தந்த நிறுவனத்துக்கும் அனுப்பலாம். அள்ளிய மூட்டை எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். எண்ணூர்க் கரையில் அள்ளியது கொடுங்கையூர்க் குப்பை மேட்டில் போய்ச் சேர்ந்தால், குப்பை இடம் மாறியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

அடுத்து, ஆண்டுக்கு நான்கு முறை செல்பவர்கள் இரண்டு முறையாவது கரையை விட்டு ஆற்றின் மேற்பகுதிக்குப் போகலாம். திருத்தணியில் நந்தியாற்றங்கரை, பூண்டி நீர்த்தேக்கத்தின் ஓரம் என்று வேலை நிறைய இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்கு முன்பே நகராட்சியோடும் வணிகர்களோடும் பேசி, குடிநீர்க் குழாய்களும், பாட்டிலைத் திருப்பித் தந்தால் காசு தரும் ஏற்பாடும் கேட்கலாம். மதுக்கடைகளே கூடாது என்பது நம் நிலைப்பாடு. ஆயினும் உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022இல் நீலகிரியில் தொடங்கிய காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திட்டம் ஒன்றைக் காட்டியது. பொருளுக்கு விலை வைத்தால் அது காட்டில் கிடக்காமல் கடைக்குத் திரும்புகிறது. தண்ணீர் பாட்டிலுக்கு மட்டும் அது ஏன் முடியாது?

நிறுவனங்களிடமும் கேட்க வேண்டியது உண்டு. நிறுவனச் சட்டம் 2013, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருவாயோ இலாபமோ உள்ள நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. பனியனுக்கும் பதாகைக்கும் போகும் பணத்தில் ஒரு பகுதி, ஆற்றங்கரை ஊர்களில் குப்பையைத் தரம் பிரிக்கும் கூடங்களுக்கும், அங்கு வேலை செய்வோரின் கூலிக்கும் போகட்டும். கூட்ட அறையில் வரிசையாக வைக்கும் தண்ணீர் பாட்டில்களை நிறுத்தச் சொல்லும் உரிமை, கடற்கரையில் குனிந்த ஊழியருக்கு நிச்சயமாக உண்டு.

நம் மஹல்லாக்களுக்கும் வேலை இருக்கிறது. ரமளானில் பள்ளிவாசலுக்குத் தூக்குவாளி எடுத்துச் சென்று நோன்புக் கஞ்சி வாங்கிவந்த ஊர்கள் நம் ஊர்கள். இன்று பல இடங்களில் கொதிக்கும் கஞ்சியைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருகிறார்கள். வலீமா விருந்தில் ஆளுக்கொரு பாட்டில் வைப்பது அந்தஸ்தாகிவிட்டது. ஜமாஅத் நிர்வாகம் ஒரு தீர்மானம் போட்டு, இமாம் ஒரு ஜும்ஆவில் எடுத்துச் சொன்னால் இவற்றை மாற்ற முடியும். இதற்கு அரசாணையும் தேவையில்லை, நிதியும் தேவையில்லை.

வரும் செப்டம்பரிலும் அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும். தவறாமல் போவோம். சக ஊழியர்களோடு, எந்த மதத்தவராயினும், தோளோடு தோள் நின்று குனிவது நல்ல காரியம். பொறுக்கும் ஒவ்வொரு உறையையும் திருப்பிப் பார்த்து, இது எந்த ஊர் வாய்க்காலில் விழுந்தது, யார் தயாரித்தது, யாரிடம் கேட்பது என்று அங்கேயே பேசத் தொடங்குவோம். அந்தப் பேச்சு திருத்தணி வரைக்கும், நம் பள்ளிவாசல் முற்றம் வரைக்கும் வந்து சேர்ந்தால்தான் கடற்கரைக்குப் போகும் குப்பை குறையும்.